ஒரு சாண் இடைவெளி: கைபேசிப் பயன்பாடும் மூளைக் கட்டி பற்றிய அச்சமும்

என் அம்மா இரவு எட்டரை மணிக்குச் சமையலறை மேடையில் சாய்ந்து நின்றபடி, கைபேசியை வலது காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, வெளியூரில் இருக்கும் என் தங்கையோடு முக்கால் மணி நேரம் பேசுவார். வீட்டில் சிக்னல் மிகக் குறைவாகக் கிடைக்கும் இடம் அந்தச் சமையலறைதான். பேசி முடித்ததும் காது சுடுகிறது என்று முந்தானையால் ஒற்றிக்கொள்வார். ஒரு நாள் வாட்ஸ்அப்பில் வந்த படம் ஒன்றைக் காட்டி, “இதனால மூளையில கட்டி வருமாம்னு போட்டிருக்கே, நெசமா?” என்று கேட்டார். ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதற்குப் பிறகு தேடிப் படித்தவற்றையும், எங்கள் வீட்டில் மாற்றிக்கொண்ட பழக்கங்களையும் அதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கைபேசியால் மூளைக் கட்டி உண்டாகிறது என்று இதுவரை நடந்த பெரிய ஆய்வுகள் காட்டவில்லை. அப்படியிருந்தும் தலையில் படும் அலைகளைக் குறைத்துக்கொள்ள ஒருவர் விரும்பினால் அது தவறான விருப்பம் அல்ல. அதற்கான வழிகள் எளியவை, காசு செலவில்லாதவை. காசு வாங்கிக்கொண்டு விற்கப்படும் வழிகளோ பெரும்பாலும் பயனற்றவை.

கைபேசி வெளிவிடுவது என்ன?

கதிர்வீச்சு என்ற சொல்லைக் கேட்டதும் அணு உலையும் எக்ஸ்ரே அறையும் நம் நினைவுக்கு வருவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது. எக்ஸ்ரேயும் காமா கதிரும் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுத்து, செல்லுக்குள் இருக்கும் மரபுப் பொருளை நேரடியாக உடைக்கும் அளவுக்கு ஆற்றல் கொண்டவை. கைபேசி பயன்படுத்தும் ரேடியோ அலையின் ஒரு துகளுக்கு உள்ள ஆற்றல், அப்படிப் பிய்த்தெடுக்கத் தேவையானதில் பல லட்சத்தில் ஒரு பங்குதான். அந்த அலை உடலில் பட்டால் நிகழ்வதாக ஐயமின்றி நிறுவப்பட்டுள்ள விளைவு சிறிதளவு வெப்பம் மட்டுமே. நீண்ட நேரம் பேசிய பிறகு காது சுடுவதுகூடப் பெரும்பாலும் இந்த அலைகளால் அன்று. பேட்டரியும் உள்ளிருக்கும் சுற்றுகளும் சூடாவதாலும், கைபேசி காதை மூடிக்கொண்டு தோலின் வெப்பம் வெளியேறாமல் தடுப்பதாலும் அந்தச் சூடு ஏற்படுகிறது. அம்மாவின் அச்சத்துக்கு வித்திட்டதே அந்தச் சூடுதான் என்பதால் இதை முதலில் விளக்க வேண்டியிருந்தது.

செய்தி வந்தால் எப்படிப் படிப்பது?

“கைபேசியைப் புற்றுநோய்ப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்” என்ற செய்தி பல ஆண்டுகளாகச் சுற்றி வருகிறது. அதன் மூலம் உண்மையானதே. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, பிரான்ஸின் லியோன் நகரில் 14 நாடுகளைச் சேர்ந்த 31 அறிவியலாளர்களைக் கூட்டி ஆராய்ந்து, 2011 மே 31 அன்று ரேடியோ அலைகளை 2பி என்ற பிரிவில் வைத்தது. அந்தப் பிரிவின் பொருள் “புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்பதற்கு வாய்ப்பு இருக்கலாம், ஆனால் சான்று குறைவு” என்பதாகும். சோற்றுக் கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே பிரிவில்தான் இருக்கிறது. இந்தப் பட்டியல் சான்று எவ்வளவு வலுவானது என்பதைத்தான் சொல்கிறதே தவிர, ஆபத்து எவ்வளவு பெரியது என்பதைச் சொல்வதில்லை. சான்று ஐயத்துக்கு இடமின்றி இருப்பவற்றை வைக்கும் முதல் பிரிவில் புகையிலை இருக்கிறது. புகையிலை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் வெற்றிலை பாக்கு மெல்லும் பழக்கமும், தனிப் பாக்கும்கூட 2004 முதல் அதே முதல் பிரிவில் இருக்கின்றன. பேரனின் கைபேசியைப் பிடுங்கி வைக்கும் பாட்டியின் மடியிலேயே வெற்றிலைப் பெட்டி இருக்கும் வீடுகள் நம்மிடம் ஏராளம். அந்தப் பாட்டியின் அன்பை நான் குறை கூறவில்லை. எந்தப் பொருளுக்கு எவ்வளவு அஞ்ச வேண்டும் என்பதை யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை என்பதே என் வருத்தம்.

2011 முடிவுக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று, 13 நாடுகளில் நடத்தப்பட்டு 2010-இல் வெளியான இன்டர்போன் ஆய்வு. மொத்தமாகப் பார்த்தபோது கைபேசி பயன்படுத்தியவர்களிடம் கட்டி அதிகமாக இருக்கவில்லை. ஆனால் வாழ்நாளில் 1,640 மணி நேரத்துக்கு மேல் பேசியதாகச் சொன்னவர்களிடம் மட்டும் கிளையோமா எனப்படும் மூளைக் கட்டி சுமார் 40 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது. பத்து ஆண்டுகளில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 27 நிமிடம் பேசினால் 1,640 மணி நேரம் வந்துவிடும் என்பதால் இந்த எண் பலரையும் கலங்க வைத்தது. அந்த எண்ணிக்கை எப்படிச் சேர்க்கப்பட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். கட்டி வந்தவர்களையும் வராதவர்களையும் அமர வைத்து, பல ஆண்டுகளுக்கு முன்பு எவ்வளவு நேரம் பேசினீர்கள் என்று கேட்டார்கள். நோய் வந்தவர் ‘எனக்கு ஏன் வந்தது’ என்று தன் பழைய நாட்களையெல்லாம் துருவித் துருவி நினைத்துப் பார்ப்பது மனித இயல்பு. நலமாக இருப்பவருக்கு அந்த வேதனை இல்லை. நாளொன்றுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் பேசியதாகச் சொன்ன நோயாளிகளும் அந்தக் கணக்கில் இருந்தார்கள். இந்தப் பிழையைத் தங்கள் முடிவிலேயே ஆய்வாளர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

நினைவை நம்பாமல் ஆட்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் வேறு விதமாகச் சொல்கின்றன. டென்மார்க்கில் மூன்றரை லட்சத்துக்கும் அதிகமான கைபேசிச் சந்தாதாரர்களின் பதிவுகளைப் புற்றுநோய்ப் பதிவேட்டோடு ஒப்பிட்டபோது (2011) கூடுதல் ஆபத்து தெரியவில்லை. பிரிட்டனில் சுமார் 7.76 லட்சம் பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வும் (2022) அதையே கண்டது. ஆனால் அந்தப் பெண்களில் மிக அதிகமாகப் பேசியவர்கள் குறைவு என்பதால் அதை மட்டும் வைத்து முடிவுக்கு வருவது முறையன்று. அந்தக் குறையை ஓரளவு நிரப்பியது, ஐந்து ஐரோப்பிய நாடுகளில் 2.64 லட்சம் பேரைக் கவனித்து 2024-இல் வெளியான காஸ்மாஸ் ஆய்வு. அதில் மிக அதிகமாகப் பேசியவர்களிடமும் கட்டி கூடுதலாகக் காணப்படவில்லை. இளையோர் பற்றிய கவலைக்கு மோபி-கிட்ஸ் என்ற ஆய்வு இருக்கிறது: 10 முதல் 24 வயது வரை உள்ளவர்களை 14 நாடுகளில் ஆராய்ந்தது, அவற்றுள் இந்தியாவும் ஒன்று, அதிலும் கைபேசியே காரணம் என்பதற்கான அறிகுறி கிடைக்கவில்லை. இறுதியாக, உலக சுகாதார நிறுவனத்தின் வேண்டுகோளின்படி 22 நாடுகளின் 63 ஆய்வுகளைச் சலித்தெடுத்து 2024 செப்டம்பரில் வெளியான தொகுப்பாய்வு, கைபேசிப் பயன்பாடு மூளைக் கட்டியை அதிகரிப்பதாகத் தெரியவில்லை என்று மிதமான உறுதியோடு கூறியது. அறிவியலில் ‘மிதமான உறுதி’ என்பது மழுப்பல் அன்று, அளந்து சொன்ன சொல்.

எலிகளைப் பற்றிய செய்தியும் அடிக்கடி வரும். அமெரிக்க அரசின் தேசிய நச்சியல் திட்டம் 2018-இல் வெளியிட்ட முடிவில், ஆண் எலிகளின் இதயத்தில் ஒரு வகைக் கட்டி தெளிவாகக் கூடியிருந்தது உண்மை. அந்த எலிகளின் உடல் முழுவதும், நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம், இரண்டு ஆண்டுகள், நம் தலையில் படுவதைவிட மிகக் கூடுதலான அளவில் அலைகள் பாய்ச்சப்பட்டன. பெண் எலிகளிடமும் சுண்டெலிகளிடமும் அப்படியொரு தெளிவான விளைவு தென்படவில்லை. அலை பட்ட ஆண் எலிகள் அலை படாதவற்றைவிட அதிக நாள் உயிரோடு இருந்தன. ஆகவே, ஒரு செய்தி கையில் வந்தால் கேட்க வேண்டியவை இவைதான்: யாரை ஆராய்ந்தார்கள், எவ்வளவு அலை, எத்தனை ஆண்டுகள், அளந்தார்களா அல்லது நினைவைக் கேட்டார்களா.

பேசும்போது செய்ய வேண்டியவை

தொலைவே முதல் மருந்து. அலை பரவப் பரவ நீர்த்துப்போவதால், தொலைவு இரு மடங்கானால் அதன் வலிமை ஏறத்தாழக் கால் பங்காகிவிடும். காதோடு ஒட்டிப் பிடித்த கைபேசியை ஒரு சாண் தள்ளி வைத்தாலே தலைக்குச் செல்லும் அளவு மிகச் சிறியதாகிவிடும். பத்து நிமிடத்துக்கு மேல் நீளும் என்று தெரிந்த உரையாடலுக்கு ஸ்பீக்கரைப் போட்டுக் கைபேசியை மேசையிலோ மாடத்திலோ வைத்துவிடுங்கள். பக்கத்தில் ஆட்கள் இருந்து, அந்தரங்கமாகப் பேச வேண்டியிருந்தால் கம்பி இயர்போன் போதும். அப்போதும் கைபேசியை மடியில் வைக்காமல் அருகே வைக்கலாம். ப்ளூடூத் இயர்போனும் அலையை வெளியிடத்தான் செய்கிறது, ஆனால் அது பொதுவாக ஒரு வாட்டில் ஆயிரத்தில் சில பங்கு அளவே; காதோடு பிடித்த கைபேசியை விட அது மேலானது.

அடுத்தது சிக்னல். என் அனுபவத்தில் பலருக்கும் தெரியாதது இதுதான். கைபேசி எப்போதும் ஒரே வலிமையில் அலையை அனுப்புவதில்லை. டவர் தெளிவாகக் கேட்கும் இடத்தில் மெதுவாகப் பேசி, கேட்காத இடத்தில் கத்துகிறது. இந்த இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு ஆயிரம் மடங்கைத் தாண்டக்கூடும். லிஃப்டிலும், தரைக்கீழ் வாகன நிறுத்தத்திலும், தடித்த சுவர்கள் சூழ்ந்த உள்ளறையிலும், வேகமாக ஓடும் ரயிலிலும் கைபேசி தன் முழு வலிமையை நோக்கி ஏறுகிறது. ஆகையால் ஒரு கோடு மட்டும் தெரியும் இடத்தில் நீண்ட பேச்சைத் தவிர்த்து, ஜன்னலருகிலோ முற்றத்திலோ வந்து பேசுங்கள். அம்மாவைச் சமையலறையிலிருந்து முன் திண்ணைக்கு மாற்ற எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. அங்கே நான்கு கோடு கிடைக்கிறது. கைபேசியைத் தூணோரம் சாய்த்து வைத்து ஸ்பீக்கரில் பேசிக்கொண்டே இப்போது கீரை ஆய்கிறார்.

முதியவர்களிடம் இருக்கும் பட்டன் போன் பாதுகாப்பானது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மை இதற்கு நேர்மாறாக இருக்கலாம். 2ஜியில் இயங்கும் கைபேசியின் அலை உச்சத்தில் 2 வாட் வரையும் சராசரியில் கால் வாட் வரையும் செல்லக்கூடும். அழைப்பு தொடங்கும் நொடியில் அது உச்சத்திலேயே இருக்கும். 3ஜி, 4ஜி கைபேசிகளின் மேல் எல்லையே ஏறத்தாழக் கால் வாட்தான். நல்ல சிக்னலில் அவை அதில் மிகச் சிறு பங்கையே செலவிடுகின்றன. எனவே பட்டன் போன் வைத்திருப்பவர் எண்ணை அழுத்திய உடனே காதில் வைக்காமல், மறுமுனை எடுத்த பிறகு வைக்கலாம். நம் தொலைத்தொடர்புத் துறை வெளியிட்ட அறிவுரைகளிலும் இது இருக்கிறது. இதய முடுக்கி (பேஸ்மேக்கர்) பொருத்தியவர்கள் கைபேசியை அந்தக் கருவியிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி வைக்க வேண்டும் என்பதும் அங்கே சொல்லப்பட்டிருக்கிறது. சட்டையின் இடது பையில் கைபேசி வைக்கும் பழக்கம் உள்ள பெரியவர்களுக்கு இதைக் கட்டாயம் எடுத்துச் சொல்லுங்கள், ஏனெனில் இது கட்டி பற்றிய ஊகம் அன்று, நேரடியான இடையூறு.

இரவில் தலையணைக்கு அடியில் வைக்க வேண்டாம். யாரும் பேசாதபோது கைபேசி விட்டு விட்டுத்தான் அலை அனுப்புகிறது என்பதால் அங்கே கட்டி பற்றிய கவலை சிறியது. தூக்கம் கெடுவதும், சார்ஜில் இருக்கும் பேட்டரி மெத்தைக்குள் சூடேறுவதும் உண்மையான கேடுகள். எட்டாத மேசையில் வைத்தால் மூன்றும் தீரும்.

பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் நான் சற்றுக் கண்டிப்பானவன். குழந்தையின் மண்டையோடு மெல்லியது. அதே கைபேசியிலிருந்து குழந்தையின் மூளைக்குச் செல்லும் அலை பெரியவரைவிட இரு மடங்காகவும், மண்டையோட்டு எலும்பு மச்சையில் பத்து மடங்காகவும் இருக்கக்கூடும் என்று 2011-இல் லியோனில் கூடிய குழுவே குறித்தது. அவர்கள் இனி வாழப்போகும் ஆண்டுகளும் நம்மைவிட அதிகம். ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கென வடிவமைத்த கைபேசிகளின் விற்பனையை 2014-இல் பெல்ஜியம் நிறுத்தியது. தாத்தாவோடு பேச வேண்டும் என்றால் குழந்தையின் காதில் கைபேசியை வைக்காமல் ஸ்பீக்கரிலோ வீடியோவிலோ பேசவிடுங்கள். அதில் குழந்தைக்கு எந்த இழப்பும் இல்லை.

கடையில் ஏமாறாமல் இருக்க

உங்கள் கைபேசியில் *#07# என்று அழுத்தினால் எஸ்.ஏ.ஆர். என்ற அளவு தெரியும். ஒரு கிலோ உடல் திசு எத்தனை வாட் அலையை உறிஞ்சுகிறது என்பதன் கணக்கு அது. இந்தியாவில் 2012 செப்டம்பர் 1 முதல் இதன் மேல் எல்லை 1.6 வாட், அதுவும் ஒரே ஒரு கிராம் திசுவில் சராசரி பார்த்து அளக்கப்படுகிறது. 2023-இல் பிரான்ஸின் அலைவரிசை முகமை, கையிலோ பையிலோ வைத்திருக்கும்போது உள்ள அளவு வரம்பை மீறியதால் ஐபோன் 12 விற்பனையை நிறுத்தி, மென்பொருளைத் திருத்த வைத்தது. ஆகவே இந்த எல்லைகள் ஏட்டில் மட்டும் இருப்பவை அல்ல. எல்லைக்கு உட்பட்ட இரண்டு கைபேசிகளில் ஒன்று 0.6, மற்றொன்று 1.1 என்று காட்டினால், குறைந்ததைத் தேடிக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. அது ஆய்வகத்தில் முழு வலிமையில் இயக்கி அளந்த எண். நல்ல சிக்னலில் 1.1 காட்டும் கைபேசி, சிக்னல் இல்லாத அறையில் 0.6 காட்டும் கைபேசியைவிடக் குறைவாகவே அலையைத் தரும்.

கைபேசியின் முதுகில் ஒட்டும் ‘கதிர்வீச்சுத் தடுப்பு’ ஸ்டிக்கர்களை வாங்காதீர்கள். அது உண்மையிலேயே அலையைத் தடுத்தால் உங்களால் பேசவே முடியாது. பாதி தடுத்தால் கைபேசி அதை ஈடுகட்ட இன்னும் உரக்கக் கத்தும். என் உறவினர் ஒருவர் வீட்டில் ஐந்து பேருக்கும் ஐந்து ஸ்டிக்கர் வாங்கி ஒட்டியிருந்தார். அந்தப் பணத்துக்கு ஐந்து கம்பி இயர்போன் வந்திருக்கும்.

தெருவில் டவர் வந்தால் போராட்டம் எழுவதைப் பார்க்கிறோம். 2017-இல் குவாலியர் நகரில் ஒருவர் தன் புற்றுநோய்க்கு டவரே காரணம் என்று முறையிட்டதன் பேரில் உச்ச நீதிமன்றம் ஒரு டவரை நிறுத்தி வைக்க உத்தரவிட்டதும் நடந்தது. அவருடைய துயரத்தை நான் மதிக்கிறேன். ஆனால் டவரின் அலை உங்கள் வீட்டை வந்தடையும்போது, உங்கள் காதோடு இருக்கும் கைபேசியின் அலையைவிட மிக மெலிந்துவிடுகிறது. டவர் தொலைவில் போகப் போக உங்கள் கைபேசிதான் உரக்கப் பேச வேண்டியிருக்கும். இந்தியாவில் டவருக்கான எல்லை, பன்னாட்டு எல்லையில் பத்தில் ஒரு பங்காக வைக்கப்பட்டிருக்கிறது. ஐயம் தீராதவர்கள், தொலைத்தொடர்புத் துறை 2017-இல் தொடங்கிய தரங் சஞ்சார் இணையதளத்தில் தங்கள் பகுதி டவர்கள் விதிப்படி இருக்கின்றனவா என்று பார்க்கலாம்.

மருத்துவரிடம் எப்போது போவது?

எங்கள் தெருவில் ஓர் அக்கா, வலது காதில் பேச்சு சரியாகக் கேட்கவில்லை என்று கைபேசியை இடது காதுக்கு மாற்றிக்கொண்டார். கைபேசியால்தான் காது போயிற்று என்று அவரே தீர்மானித்து, பேச்சைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று ஓராண்டுக்கு மேல் காத்திருந்தார். அந்தக் காதில் விடாமல் இரைச்சல், நடக்கும்போது தள்ளாட்டம். இறுதியில் பார்த்தபோது செவி நரம்பில் புற்று அல்லாத ஒரு கட்டி. ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்வது. அதைக் கைபேசி உண்டாக்கவில்லை. காது கேளாமையை முதலில் காட்டிக்கொடுத்தது கைபேசி. ஆனால் கைபேசி மீதிருந்த அச்சமே அவர் சிகிச்சையைத் தள்ளிப்போடக் காரணமாயிற்று என்பது என்னை இன்றும் வருத்துகிறது.

ஒரு பக்கக் காது மட்டும் படிப்படியாக மந்தமானால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். முன்பு இல்லாத தலைவலி புதிதாகத் தொடங்கி, காலையில் எழும்போது கடுமையாகி, வாந்தியோடு வந்தாலும், வளர்ந்த ஒருவருக்கு முதன்முறையாக வலிப்பு வந்தாலும், ஒரு கை அல்லது கால் வலுவிழந்தாலும், பேச்சு குழறினாலும், பார்வை இரட்டையானாலும் நாள் கடத்தக் கூடாது. திடீரென்று வந்தால் அது பக்கவாதமாகவும் இருக்கலாம் என்பதால் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். மருத்துவரிடம் எத்தனை மணி நேரம் கைபேசி பேசுகிறீர்கள் என்பதை விட, அறிகுறி எப்போது தொடங்கியது, எந்தப் பக்கம், கூடுகிறதா, தலைக்கு முன்பு கதிர்வீச்சு சிகிச்சை பெற்றதுண்டா, குடும்பத்தில் நரம்புக் கட்டி யாருக்காவது இருந்ததா என்பவற்றைச் சொல்லுங்கள். மூளைக் கட்டிக்கு உறுதியாக நிறுவப்பட்ட காரணங்கள் அந்தக் கடைசி இரண்டில்தான் இருக்கின்றன. எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் அதிலும் கதிர்வீச்சு இருக்குமே என்று அந்த அக்கா தயங்கினார். அந்தக் கருவியில் எக்ஸ்ரே இல்லை. காந்தமும் ரேடியோ அலையும்தான் வேலை செய்கின்றன என்று சொன்ன பிறகே உள்ளே போய்ப் படுத்தார்.